டாக்டர் சேய்

அப்பா பல் பிடுங்கினார், ஈரோட்டில்,
மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிப் பல்செட்டு
வருகிறவன் போகிறவனைப் பார்த்து
இளித்துக்கொண்டே இருக்கும்.
மகள், பல்லே முளைக்காதவர்களிடம் போனாள்.

ஷியே வென்ஜுன்.
போர்டு எழுத வந்த செங்கோடன்
இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை கேட்க வெட்கம்.
'டாக்டர் சேய்' என்று எழுதி
கீழே ஒரு தாமரையும் போட்டுக்
கூலி வாங்கிப் போய்விட்டான்.
சேய் என்றால் என்னவென்று
ஆறு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்ததாம்.
மாற்றவில்லை.

ஐம்பத்தாறில்,
கொழந்தைக்குன்னு தனி டாக்டரா என்று ஊர் சிரித்தது.
'பெரியவனுக்குக் குடுக்கறதுல பாதி குடுத்தாத் தீந்துதுங்க.'
மஞ்சள் மண்டியில் பழைய தராசு ஒன்று வாங்கினாள்.
தட்டில் துணி விரித்து
எடைக்கல்லை ஒவ்வொன்றாய் வைத்து எடுத்து
அழுகையை நிறுத்தாத ஒன்றை
அந்தத் தராசு முதன்முதலாக நிறுத்தது.
எத்தனை தேய்த்துக் கழுவினாலும்
அங்கே போய்வந்த பிள்ளையின் முதுகில்
மஞ்சள் இருக்கும் என்பாள் என் அம்மா.

கல்கத்தாவில் சொல்லித்தராத நோய்களை
இங்கேதான் கற்றாள்:
மாந்தம், கணை, செவ்வாப்பு, கண்பட்டது.
எதையும் இல்லையென்று சொன்னதில்லை.
'உரம் எடுத்தாச்சுங்களா? செரி.
இப்ப நான் கொஞ்சம் பாக்கட்டுங்களா?'
வயிற்றில் சூடு போட்ட தழும்பைக் கண்டால் மட்டும்
சீனத்தில் ஏதோ முணுமுணுப்பாள்.
வசவா வேண்டுதலா,
புரிந்துகொள்ள ஆளில்லை.

அறுபத்திரண்டு, ஐப்பசி.
எங்கோ பனிமலையில் சண்டை.
போர்டிலிருந்த தாமரை மேல் யாரோ சாணி அடித்தார்கள்.
வெள்ளிதோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.
ஊர் எல்லை தாண்டக்கூடாது.
எல்லை என்பது கருங்கல்பாளையத்துப் பாலம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையம்.
தறிக்குழிக்குள் என் அப்பா.
தொண்டையில் சாம்பல் நிற ஆடை படர்ந்து,
தூக்கினால் மூச்சு நின்றுவிடும் என்ற நிலையில்
என் அண்ணன்.
அவள் ராத்திரியே போய் ஸ்டேஷனில் கேட்டாள்.
கடுதாசி கோயமுத்தூர் போய்
வரவேண்டும் என்றார்கள்.
மூன்றாம் நாள் வந்தது.
முத்திரை மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

இறந்த குழந்தைகளுக்கென்று அவளிடம் ஒரு நோட்டு.
'பொழச்சவங்கள எதுக்கு எழுதோணும்?
அவங்களே வருவாங்க.'
பெயர், வயது, எடை, காரணம்.
போன மாதம், அவள் மருமகன் கப்பலேறும் முன்
என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.
மருதாசலம். மூன்று. எடை தெரியாது.
காரணம் என்ற கட்டத்தில்
கோணல் தமிழில் ஒரே சொல்: பாலம்.

அதற்கப்புறம் எஸ்.ஐ. ஆறுச்சாமி
நாலு வெள்ளிக்கும் ஒரே நாளில்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
'பேனாவ மட்டும் மாத்தி மாத்திப் போடுங்கம்மா.'
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
அவள் கேட்கவுமில்லை.

இருட்டில் பாலத்தை நடந்தே கடந்தாள்.
பிளாஸ்க்கில் ஐஸ், ஐஸுக்குள் ஊசிமருந்து.
அதில் ஒன்று என் தொடையில் இறங்கியது.
நான் ஊரைக் கூட்டி அழுதேனாம்.
தொண்டை திறந்த அழுகை.
தறியை நிறுத்திவிட்டு அப்பா கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நோட்டின் கடைசிப் பதினோரு பக்கங்களில்
கோடு போட்டிருக்கிறாள், எழுதவில்லை.
கை தளர்ந்ததா, பிள்ளைகள் சாவதை விட்டார்களா
என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
என்னை உறுத்துவது வேறு.
அத்தனை பேரையும் நிறுத்தவள்
அவன் எடையை மட்டும் தெரியாமல் விட்டிருக்கிறாள்.

அம்மாவிடம் கேட்டேன்.
எண்பத்தெட்டு வயதில் காது மந்தம்,
இரண்டு தடவை கத்தினேன்.
பதில் சொல்லவில்லை.
இரண்டு கைகளையும் நீட்டினாள், வெறுமனே.
கொஞ்சம் தாழ்ந்தன.